கவத்தா அம்மா, மஹம்ரி, லிக்கோனி

முவேனி ஊரை விட்டு ஓடி வந்தபோது பெயரை மாற்றிக்கொண்டாள், சிம்மை மாற்றிக்கொண்டாள், தலைமுடியைக்கூட ஒட்ட வெட்டிக்கொண்டாள். மகளின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். இரண்டு வயதுக் குழந்தை. கவத்தா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். வீடு போயிற்று, தொட்டில் போயிற்று, பேரையும் பிடுங்க வேண்டுமா என்று அவளுக்கு மனசு வரவில்லை.

கடலோர லிக்கோனிக்கு வந்து தன் பெயர் ரேச்சல் என்று சொல்லிப் பழகிக்கொண்டாள். அந்தப் பெயரை யாராவது கேட்டால்தானே! பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இங்கே மரியாதை இல்லை. இடுப்பில் குழந்தையைப் பார்த்ததும் “பாப்பா பேரென்ன?” என்பார்கள். சொன்னால் தீர்ந்தது. அன்று முதல் அவள் கவத்தா அம்மா. ரேச்சல் என்ற பெயர் பிரிக்காத துணிப்பொட்டலம் மாதிரி ஓரமாகக் கிடந்தது.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. படகுத்துறைக்கு இறங்கும் பாதையில் ஒரு நீலக் குடை. குடைக்குக் கீழே ஒரு பக்கம் மிஷியின் டீ அடுப்பு, இன்னொரு பக்கம் முவேனியின் எண்ணெய்ச் சட்டி. தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து முக்கோணமாக வெட்டிப் போட்டால் மஹம்ரி உப்பிக்கொண்டு மேலே வரும். கூடவே தேங்காய்ப்பாலில் வெந்த துவரை. மேட்டு நாட்டிலிருந்து வந்த ஒருத்தி கடற்கரைக்காரர்களுக்கே மஹம்ரி சுட்டுப் போடுகிறாளே என்று முதலில் சிரித்தவர்கள்தான் இன்றைக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

வரிசையில் நிற்க எல்லோருக்கும் நேரம் இருப்பதில்லை. படகு யாருக்காகவும் நிற்காது. அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே போன் செய்துவிடுவார்கள். துறைமுக வாசல் காவலாளி, டுக்டுக் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், அக்கரையில் ஆபீஸ் கூட்டப் போகிற பெண்கள், எல்லோரும். “பத்து எடுத்து வை, கவத்தா அம்மா.” அவள் காகிதத்தில் கட்டிக் கம்பியில் மாட்டி வைப்பாள். ஓடுகிற ஓட்டத்தில் பறித்துக்கொண்டு போவார்கள். அவளிடம் இருந்தது பட்டன் போன். பேசலாம், மெசேஜ் அனுப்பலாம், அவ்வளவுதான். ஆனால் லிக்கோனியில் பாதிப் பேருடைய போனில் அவளுடைய நம்பர் இருந்தது.

ஊரில் இருபது ஃபாத்துமா, முப்பது ஜான். வெறும் பெயரைப் பதிந்து வைத்து யாருக்கு என்ன பிரயோஜனம்? ‘ஃபாத்துமா, தேங்காய், மசூதிப் பக்கம்.’ ‘ஜான், குழாய் வேலை, குட்டை ஆள்.’ இப்படித்தான் எல்லோரும் பதிவார்கள். ஆள், தொழில், இடமோ அடையாளமோ, மூன்றும் இருந்தால்தான் தேடும்போது கிடைக்கும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் பின்னால் நினைத்து நினைத்து முவேனியின் வயிற்றை எரித்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. மிஷியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து முவேனியிடம் நீட்டினாள். “உன் தங்கச்சி.”

வயுவா சொந்த ஊரான டாலாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், மிஷியின் நம்பருக்கு மட்டும் கூப்பிடுவது என்று இருவருக்கும் பேச்சு. எந்த ஊர், என்ன வேலை என்று தங்கைக்கே அவள் சொன்னதில்லை.

“அக்கா, நீ இப்ப மஹம்ரி சுட்டு விக்கறியா?”

“யாருடி சொன்னா?”

“அந்தாளுதான். நேத்து கறி வாங்கப் போனேன். வெட்டிக்கிட்டே கேக்கறான், ‘உங்கக்கா மஹம்ரி நல்லா சுடறாளாமே, லிக்கோனி கடல் காத்து ஒத்துக்கிச்சா?’ன்னு. சிரிச்சுக்கிட்டே கேட்டான்கா. ஈரல் வேற ஒரு துண்டு கூட வச்சுக் கட்டிக் கொடுத்தான்.”

அவள் புருஷன் முசெம்பியின் கறிக்கடைக்கு டாலாவில் நல்ல பெயர். எடை குறைக்க மாட்டான், குழந்தைகளுக்கு ஒரு துண்டு சும்மா கொடுப்பான், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் அவன் கத்தியதில்லை. ஒரு நாள் மத்தியானம் அவளுடைய இடது கையைப் பிடித்து மேஜைமேல் வைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரே கோடாகக் கத்தியை இழுத்தான். “அளந்து பாத்தேன்,” என்றான். பிறகு அவனே துணி சுற்றிவிட்டான். லிக்கோனியில் தகரம் கிழித்த தழும்பு என்று சொல்லி வைத்திருந்தாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது முவேனியின் கண்ணுக்கு மிஷியைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை. டாலா என்ற பெயரே இந்தக் கரையில் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சிம்கூட இவள் பேரில்தான் வாங்கியது.

“நீதானே சொன்னே?”

“எதை?”

“அவன்கிட்ட. எவ்வளவு கொடுத்தான்?”

மிஷி டீ வடிகட்டியைக் கீழே வைத்தாள். பெரிய உடம்புக்காரி, கோபம் வந்தால் துறை முழுக்கக் கேட்கும். அன்றைக்குச் சத்தமே வரவில்லை. “மூணு வருஷம் ஒரே பாயில படுத்துருக்கோம்டி. உன் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப என் லேசோத் துணியைக் கிழிச்சு நெத்தியில போட்டேன். போடி மேட்டுக்காட்டு முண்டம். எனக்கு அழுகை வருது, டீ உப்புக் கரிச்சா வாங்கறவன் காறித் துப்புவான்,” என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்துப் பெட்டிக்கடையில் போன் ரிப்பேர் செய்கிற பக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயது, கண்ணில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. எழுந்து வந்தான்.

“கவத்தா அம்மா, உங்க நம்பர் அவன் கைக்குப் போக வழி இருக்கா? வெறும் நம்பர்?”

இருந்தது. போன மழைக்காலத்தில் கவத்தாவுக்கு மலேரியா. மிஷி ஊரில் இல்லை. பயத்தில் முவேனி தன் போனிலிருந்தே தங்கையைக் கூப்பிட்டாள், ஒரே ஒரு தடவை. வயுவாவின் வீட்டில் கரண்ட் கிடையாது. அவள் போன் சார்ஜ் போடும் கடையில் இருந்தது. கடை கறிக்கடைக்கு அடுத்த கடை. அடித்த போனை யாரும் எடுக்கவில்லை, ஆனால் நம்பர் திரையில் நின்றிருக்கும். வெறும் பத்து எண்தானே, பணம் அனுப்பிப் பார்த்தாலும் மிஷி பேர்தானே வரும் என்று முவேனி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

“இங்க பாருங்க,” என்று பக்காரி தன் போனைக் காட்டினான். “தெரியாத நம்பர் அடிச்சா பேரு காட்டற ஆப். ஊர்ல முக்கால்வாசிப் பேரு வச்சிருக்கான். வைக்கும்போது ‘சம்மதமா’ன்னு ஒண்ணு கேக்கும், யாரு படிக்கறா, அமுக்கிடுவோம். உடனே நம்ம போன்ல இருக்கற பேரு அத்தனையும் வாரிக்கிட்டுப் போயிடும். யாரு யாரை எப்படிப் பதிஞ்சிருக்காங்களோ அப்படியே.” அவளுடைய நம்பரைத் தட்டினான். நீலப் பட்டையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது.

‘கவத்தா அம்மா, மஹம்ரி, லிக்கோனி படகுத்துறை.’

“நான் எதையும் அமுக்கலையே பக்காரி. என் போன்ல அது போகவே போகாதே.”

“நீங்க அமுக்கத் தேவையில்ல. நாங்க அமுக்கிட்டோம்.” அவன் முகம் கறுத்துப்போனது. “என் போன்லயும் அப்படித்தான் இருக்கு.”

மிஷி திரும்பினாள். முந்தானையிலிருந்து தன் போனை எடுத்து முவேனியின் கையில் வைத்தாள். அதிலும் அப்படித்தான் இருந்தது. மூன்று வருஷம் அவள் பத்திரமாக மறைத்து வைத்த மூன்று விஷயம், யாருடைய அம்மா, என்ன தொழில், எந்த இடம், மூன்றையும் அன்போடு வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். முவேனி மிஷியின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மிஷியும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை.

“சிம்மைத் தூக்கிக் கடல்ல போடு. இன்னிக்கே,” என்றாள் மிஷி.

“போட்டா மட்டும்? அவன்தான் லிக்கோனின்னு பாத்துட்டானே,” என்றான் பக்காரி. “பேரை மாத்திக் காட்டணும். அதிகம் பேரு எப்படிப் பதிஞ்சிருக்காங்களோ அதைத்தான் அது காட்டும். எல்லாருமா சேந்து ‘கவத்தா அம்மா, மீன், லாமு’ன்னு மாத்திட்டா, ஆளு இடம் மாறிட்டான்னு நினைச்சுக்குவான். வடக்கே லாமுவில போய்க் கொசுக்கடி வாங்கட்டும்.”

மூன்று நாள் முவேனி சட்டியைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை. பொட்டலம் வாங்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் கெஞ்சினாள். காரணம் கேட்டவர்களிடம் கடன்காரன் தொல்லை என்றாள். புருஷன் என்றால் போய்ச் சமாதானமாக வாழு என்று புத்தி சொல்வார்கள், கடன்காரன் என்றால் எல்லோருக்கும் உடனே புரிந்தது. டுக்டுக்காரர்கள் சிரித்தார்கள். “இனிமே உன்கிட்ட மீன் கேட்டா மஹம்ரி கொடுக்கணும், சரியா?” என்று கேலி பேசிக்கொண்டே மாற்றினார்கள்.

மாற்றும்போதுதான் தன்னை யார் யார் என்னவென்று வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். ‘மஹம்ரி நீலக்குடை.’ ‘மஹம்ரி, மிஷி பக்கத்துல.’ ஒருவன் ‘மஹம்ரி அழகி’ என்று போட்டிருந்தான், காட்ட வெட்கப்பட்டான். துறைமுகக் காவலாளி நல்ல மனுஷர், வயதானவர். அவர் போனில் ‘மஹம்ரி, கை தழும்பு’ என்று இருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் அளந்து பார்த்த கோடு இத்தனை தூரம் வந்து அவளுடைய பேராகவே ஆகியிருக்கிறது. சட்டி முன்னால் சட்டைக்கையைச் சுருட்டாமல் முடியாது. இத்தனை நாள் காவலாளி சிரித்த சிரிப்பெல்லாம் அந்தக் கையைப் பார்த்துத்தானா? அவர் பாவம், ஒன்றும் புரியாமல், “தப்பாம்மா? சட்டுன்னு ஞாபகம் வரட்டுமேன்னு போட்டேன்,” என்றார். தப்பில்லை அப்பா என்றாள். அன்றிலிருந்து பொட்டலம் நீட்டும்போது வலது கையைத்தான் நீட்டினாள்.

நான்காம் நாள் பக்காரி நம்பரைத் தட்டிப் பார்த்தான். ‘கவத்தா அம்மா, மீன், லாமு.’ மிஷி அடுப்பைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டாள். காக்கைகள் பறந்தன.

அடுத்த வாரம் வயுவா கூப்பிட்டாள். “கடையைச் சாத்திட்டு லாமு பஸ் ஏறிட்டான்கா.” அதற்கடுத்த வாரம்: “வந்துட்டான். கோபமே இல்ல. கத்தியைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நடுநடுல போனை எடுத்து உன் நம்பரைத் தட்டிப் பாக்கறான். சார்ஜ் கடைக்காரன் சொன்னான், தினமும் பாக்கறானாம்.”

பார்க்கட்டும், லாமுதானே வரும் என்றாள் முவேனி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. தினமும் பார்க்கிறவன் ஒரு நாள் ஏதாவது பார்த்துத்தானே தீருவான்?

இதற்கிடையில் வியாபாரம் படுத்துவிட்டது. போன் அடிப்பதே இல்லை. காலையில் ஓடுகிறவர்கள் குடையைப் பார்த்துக் கையை விரித்து, “கூப்பிடலாம்னு தேடினேன், கிடைக்கலம்மா!” என்று கத்திவிட்டுப் படகுக்கு ஓடினார்கள். மஹம்ரி என்று தேடினால் எப்படிக் கிடைக்கும், மீன் என்றல்லவா இருக்கிறது! மத்தியானம் மீந்ததைக் காக்கைக்குப் போட்டாள். கவத்தா பள்ளிக்குப் போகச் செருப்பு கேட்டாள், அடுத்த மாசம் என்றாள்.

அப்புறம் மெல்ல மெல்ல போன் அடிக்க ஆரம்பித்தது. திங்கட்கிழமை நாலு பேர். புதன்கிழமை பத்துப் பேர். அடுத்த வாரம் பழையபடி ஆகிவிட்டது. முவேனிக்குக் கை கொள்ளவில்லை. கவத்தாவுக்குச் சிவப்புச் செருப்பு வாங்கினாள். மாவைக் கூடப் பிசைந்தாள், பாட்டுக்கூடப் பாடினாள். ஒரு நாள் சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது. ‘நாளைக்கு இருபது மஹம்ரி. எங்கே வந்து வாங்கணும்?’ இருபது என்றால் நல்ல கிராக்கி. விரல் தேய அவளே பதில் அடித்தாள். ‘படகுத்துறைப் பாதை, நீலக் குடை. காலையில் வாங்க அண்ணா, சூடா இருக்கும்.’

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. இருபதும் கட்டிக் கம்பியில் தொங்கின. கவத்தா பலகைக்குக் கீழே லேசோவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். காவலாளி பொட்டலம் வாங்க வந்தார்.

“நேத்து உடனே கிடைச்சியே, பாத்தியா? மாத்தி மாத்தி தேடி அலுத்துப் போச்சும்மா. மறுபடி பழையபடியே போட்டுட்டேன். எங்க ஷிஃப்ட்ல எல்லாருமே போட்டுட்டாங்க. கடன்காரன் தொல்லைதான் ஓய்ஞ்சிருக்குமே?”

அவள் கையிலிருந்த ஜல்லிக்கரண்டி எண்ணெய்க்குள் விழுந்தது. போன் அடித்தது, வியாபாரம் திரும்பியது, செருப்பு வாங்கினாள், எல்லாம் எதனால் என்று அந்த நொடியில் விளங்கிவிட்டது. பூட்டிய கதவைத் திறந்துவிட்டுத்தான் காற்று வருகிறதென்று பாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“பக்காரி! என் நம்பரைத் தட்டு!”

‘கவத்தா அம்மா, மஹம்ரி, லிக்கோனி படகுத்துறை.’

நேற்று வந்த அந்த மெசேஜைத் திறந்தாள். முசெம்பியின் பழைய நம்பர் அவளுக்கு மனப்பாடம். இது வேறு நம்பர். “இதையும் தட்டு,” என்றாள். பக்காரி தட்டினான். டாலாவிலும் மனுஷர்கள் அப்படித்தானே பதிவார்கள். ஈரல் துண்டு சும்மா வாங்கியவன் எவனோ நன்றியோடு பதிந்து வைத்திருந்தான்.

‘முசெம்பி, கறிக்கடை, டாலா.’

அக்கரையிலிருந்து படகு கிளம்பிவிட்டது. மேல்தட்டில் ஆட்கள் கரேலென்று நின்றிருந்தார்கள்.

“புள்ளையைத் தூக்கு,” என்றாள் மிஷி. அவள் ஏற்கனவே முவேனியின் முக்காலியில் உட்கார்ந்து எண்ணெய்க்குள்ளிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். “யாரு வந்து கேட்டாலும் இருபது மஹம்ரி கிடைக்கும். நான்தான் மூணு வருஷமா இங்க மஹம்ரி சுடறவ. சிம் என் பேர்லதானே இருக்கு? போடி, நிக்காதே!”

“அக்கா, அன்னிக்கு உன்னைப் போய்…”

“அதை அப்புறம் வந்து சொல்லு. போ!”

பக்காரி பழைய சிம்மைக் கழற்றி ஒடித்தான். தன் தம்பி பேரில் இருந்த புது சிம் ஒன்றைப் போட்டு, நம்பரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அவள் கையில் திணித்தான். முவேனி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஒரு சிவப்புச் செருப்பு பலகைக்குக் கீழேயே கிடந்தது.

தெற்கே போகிற மட்டாட்டு வேன் நிரம்பினால்தான் கிளம்பும். ஜன்னல் வழியே பார்த்தாள். படகின் பலகை இறங்கி, ஆட்கள் மேட்டில் ஏறி வந்தார்கள். நூற்றுக்கணக்கான தலை. எல்லோரும் வேகமாக நடந்தார்கள். அதில் எது அவன் என்று தெரியவில்லை. நீலக் குடையின் உச்சி மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் கூட்டத்தில் மறைந்தது. மிஷிக்கு என்ன ஆகுமோ? வண்டி கிளம்பியபோது அவளுக்கு நிம்மதி வரவில்லை, குற்றவுணர்ச்சிதான் வந்தது.

“கவத்தா, இங்க பாரு. இனிமே உன் பேரு சிலானி. யாரு கேட்டாலும் சிலானி. சொல்லு.”

குழந்தை அவளையே பார்த்தது. “கவத்தா எங்கே போறா?”

“அவ மிஷி பெரியம்மாகிட்ட இருக்கா. நீ சிலானி.”

“என் செருப்பும் அவகிட்ட இருக்கா?”

“ஆமா கண்ணு. அவகிட்டதான் இருக்கு.”

உக்குண்டா ஊர் தாண்டியதும் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மலர்ந்த முகம், மடியில் பெரிய கூடை, கையில் பெரிய போன். வந்த வேகத்தில் வெல்லப்பாகு போட்ட நிலக்கடலையைக் குழந்தையிடம் நீட்டினாள். “பாப்பா பேரென்ன?”

முவேனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தது. பிறகு ஐந்து வயதுக்கு வரக்கூடாத தெளிவோடு, “சிலானி,” என்றது. முவேனி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சுக் கொடுத்ததில் அந்தப் பெண் கடலோர ஓட்டல் ஒன்றில் சமையற்கட்டுக்கு ஆள் வைக்கிறவள் என்று தெரிந்தது. வேலைக்கு ஆள் வேண்டும், தங்க ஒரு அறையும் உண்டு, பிள்ளையோடு இருக்கலாம். “நம்பர் கொடும்மா. நாளைக்கே முதலாளிகிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்.”

கொடுக்காமல் இருக்க முடியுமா? வேலை வேண்டும், கூரை வேண்டும், நாளைக்குக் குழந்தைக்குச் சோறு வேண்டும். முவேனி காகிதத்தைப் பிரித்து நம்பரைப் படித்தாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். “சிலானி அம்மா… சமையல்…” நிறுத்தினாள். “ஓட்டல்ல ஏற்கனவே ஒரு சிலானி அம்மா இருக்காளே.” நிமிர்ந்து முவேனியை ஏற இறங்கப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழுந்து வந்தவள். சட்டைக்கை இன்னும் சுருட்டியபடியே இருந்தது. பார்வை அவளுடைய இடது கையில் நின்றது. விரல் மறுபடி ஓடியது.

முடித்துவிட்டுப் பெருமையாகப் போனைத் திருப்பிக் காட்டினாள். ‘சிலானி அம்மா, சமையல், கை தழும்பு.’

முவேனி சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். “அக்கா, பேரு காட்டற ஆப் ஒண்ணு இருக்குமே… அது உங்க போன்ல இருக்கா?”

“அது இல்லாம எப்படிம்மா!” என்றாள் அந்தப் பெண். “யாரு கூப்பிடறான்னு தெரியாம எடுக்க பயமா இருக்காதா?”